நர்ஸ் வேலைக்கு டிகிரி எதற்கு?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ-வில் உயிரியல் எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். நர்ஸ் ஆகத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். பக்கத்து ஊர் தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் சீட் தருவதாகச் சொல்கிறார்கள். நாலு வருஷம், செலவு லட்சக்கணக்கில் வருகிறது. அரசு ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நர்சிங் பள்ளியில் மூன்று வருட டிப்ளமோ கிடைக்கவும் வாய்ப்பு இருக்கிறது. என் அண்ணன், "ஊசி போடவும் கட்டுக் கட்டவும் எதுக்குடா டிகிரி? அந்தக் காலத்து நர்ஸம்மா எல்லாம் காலேஜுக்கா போனாங்க?" என்கிறார். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்த தெரிந்த பெண் ஒருவர், "டிகிரி இல்லாவிட்டால் மதிப்பே கிடையாது" என்கிறார். இந்தப் படிப்பு எப்போது, எதற்காகப் பட்டப்படிப்பு ஆனது? நான் மகளை எதில் சேர்ப்பது?
— தேனி மாவட்டத்திலிருந்து ஒரு தகப்பனார்

பதில்: ஐயா, வணக்கம். உங்கள் அண்ணன் கேட்பது குதர்க்கம் இல்லை. இதே கேள்வியை ஆஸ்பத்திரி நிர்வாகிகளும் டாக்டர்களும், ஏன், சில மூத்த நர்ஸ்களுமே நூறு வருடத்துக்கும் மேலாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். நான் டிப்ளமோ முடித்து வார்டில் வேலை பார்த்து, பிறகு மேற்படிப்பு படித்து, ஓய்வு பெறும் வரை நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் நடத்தியவள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிப்ளமோவா டிகிரியா என்பது இரண்டாவது கேள்வி. சேரப்போகும் இடத்தில் உங்கள் மகள் மாணவியாக இருப்பாளா, அல்லது சம்பளம் இல்லாத வேலைக்காரியாக இருப்பாளா என்பதுதான் முதல் கேள்வி. நர்சிங் கல்வியின் வரலாறு முழுக்க இந்த ஒரு சண்டைதான்.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1854-ல் 38 பெண்களோடு கிரிமியா போருக்குப் போனவர், கையில் விளக்கோடு நிற்கும் படம். அவருடைய பெரிய வேலை அதற்குப் பிறகு நடந்தது. மக்கள் நன்றியாகத் திரட்டிக் கொடுத்த சுமார் 45,000 பவுண்டு நிதியைக் கொண்டு 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் 15 பெண்களோடு ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அதற்கு முன்னாலும் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் 1836 முதல் கிறிஸ்தவ சேவகிகளுக்குப் பயிற்சி நடந்தது. நைட்டிங்கேலே 1851-ல் அங்கே போய்க் கற்றவர்தான். ஆனால் லண்டன் பள்ளியில் ஒரு புதுமை இருந்தது. நர்ஸ்கள் மேட்ரன் என்கிற தலைமை நர்ஸுக்குக் கீழே இருப்பார்கள், டாக்டருக்குக் கீழே அல்ல. பயிற்சிப் பெண்களுக்குத் தங்குமிடம், சாப்பாடு, சீருடை, கைச்செலவுக்கு வருடம் 10 பவுண்டு. ஒரு வருடப் பயிற்சி. அது முடிந்ததும் பள்ளி காட்டுகிற ஆஸ்பத்திரியில் சில வருடம் வேலை செய்தாக வேண்டும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஒரு வருடமும் அவர்கள் வார்டில் உதவி நர்ஸாக வேலை செய்துகொண்டுதான் கற்றார்கள். வகுப்பு எடுக்க வேண்டிய ஆஸ்பத்திரி மருத்துவர் குடிப்பழக்கத்தால் ஒழுங்காக வகுப்பே எடுக்கவில்லை என்பது 1870-களின் தொடக்கத்தில்தான் நைட்டிங்கேலுக்குத் தெரியவந்தது. உலகமே கொண்டாடும் பள்ளியில் முதல் பத்து வருடம் இந்த லட்சணம். வேலை நடக்கும், வகுப்பு நடக்காது. இந்த வியாதி பள்ளியோடு கூடவே பிறந்தது.

உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகள் இந்த முறையைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் சேவை மனப்பான்மை மட்டும் இல்லை. பள்ளி ஒன்று வைத்தால் வார்டுக்கு ஆள் மலிவாகக் கிடைக்கும். அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளை ஓட்டியது மாணவிகள்தான். படித்து முடித்தவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே வேலை கிடையாது. வீடு வீடாகப் போய்த் தனியாக நோயாளி பார்த்துப் பிழைத்தார்கள். 1923-ல் வந்த கோல்ட்மார்க் அறிக்கை இதைப் போட்டு உடைத்தது: நர்சிங் பள்ளியை ஆஸ்பத்திரியின் பிடியிலிருந்து விடுவித்துப் பல்கலைக்கழகத்தோடு சேர்க்க வேண்டும் என்றது. அதே வருடம் யேல் பல்கலைக்கழகத்தில் நர்சிங் பள்ளி தொடங்கியது. உங்கள் முதல் கேள்விக்கு இதிலேயே பாதி பதில் இருக்கிறது. டிகிரி வந்தது அந்தஸ்துக்காக அல்ல. மாணவியை வேலைக்காரி ஆக்காமல் காப்பாற்றுவதற்காக.

நம் ஊருக்கு வருவோம். சென்னைக்கு இதில் மூத்த இடம் உண்டு. 1664-ல் கிழக்கிந்தியக் கம்பெனி செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஒரு வீட்டில் சிப்பாய்களுக்காக ஆஸ்பத்திரி வைத்தது. 1854-ல் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்குச் சென்னையில் அரசு அனுமதி கொடுத்தது. 1871-ல் சென்னைப் பொது மருத்துவமனையில், இன்று எல்லோரும் ஜி.எச். என்கிற அதே இடத்தில், நர்ஸ் பயிற்சி தொடங்கியது. முதல் அணியில் நாலே பேர். ஆறு மாதப் படிப்பு. அந்த நாலு பேரும் ஏற்கெனவே பிரசவம் பார்க்கக் கற்றவர்கள்.

ஏன் நாலே பேர்? அந்நிய ஆணின் உடம்பைத் தொட வேண்டும், மலம் மூத்திரம் எடுக்க வேண்டும், ராத்திரி வீட்டுக்கு வெளியே தங்க வேண்டும். எந்தக் குடும்பம் அனுப்பும்? சாதி ஒரு பக்கம், கற்பு பற்றிய பேச்சு மறுபக்கம். அதனால் பல காலம் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் மிஷன் பள்ளிகளில் வளர்ந்த கிறிஸ்தவப் பெண்களும்தான் இந்த வேலைக்கு வந்தார்கள். வேலூரில் அமெரிக்க மிஷன் டாக்டர் ஐடா ஸ்கட்டர் 1909-ல் நர்ஸ் பயிற்சியைத் தொடங்கியபோதும் இதே நிலைமைதான். டீலியா ஹௌட்டன் என்ற நர்ஸின் துணையோடு அவர் பெண்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். இன்றைக்குக் கேரளத்திலிருந்தும் நம் தென் மாவட்டங்களிலிருந்தும் பெண் பிள்ளைகள் குடும்பத்தோடு வந்து சீட்டுக்கு வரிசையில் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்த நாலு பேர் நினைவுதான் வரும். யார் அவர்கள், என்ன பெயர் என்று எங்கள் பாடப் புத்தகங்கள் சொல்வதில்லை. எழுதி வைத்திருக்கலாம்.

ஆரம்பத்தில் ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தானே பாடம் நடத்தி, தானே பரீட்சை வைத்து, தானே சர்டிபிகேட் கொடுத்தது. ஓர் ஊரில் ஆறு மாதம் படித்தவரும் நர்ஸ், இன்னோர் ஊரில் மூன்று வருடம் படித்தவரும் நர்ஸ். இதைச் சரிசெய்ய மிஷன் ஆஸ்பத்திரிகள் 1910-ஐ ஒட்டிய வருடங்களில் வட இந்தியாவிலும் தென்னிந்தியாவிலும் பொதுத் தேர்வு வாரியங்களை அமைத்தன. அடுத்த படி, பதிவு. நர்ஸ்களை அரசு பதிவு செய்ய முதன்முதலில் தனிச் சட்டம் போட்டது நியூசிலாந்து, 1901-ல். இங்கிலாந்தில் எதெல் பெட்ஃபோர்ட் ஃபென்விக் என்ற அம்மையார் 1887 முதல் அதற்காகப் போராடி, 1919-ல்தான் சட்டம் வந்தது. அவரை எதிர்த்த பெரிய ஆள் யார் தெரியுமா? நைட்டிங்கேல்! நல்ல நர்ஸுக்கு வேண்டிய குணத்தைப் பரீட்சை வைத்து அளக்க முடியாது என்பது அவர் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் குணத்தை அளக்க முடியாது என்பதற்காக அறிவையும் அளக்காமல் விட்டால், நோயாளி கதி என்ன? இந்த விஷயத்தில் நான் ஃபென்விக் அம்மையார் கட்சி. நம் மாகாணத்தில் சென்னை நர்ஸ்கள், மருத்துவச்சிகள் சட்டம் 1926-ல் வந்தது. இன்றும் தமிழ்நாடு நர்ஸ்கள், மருத்துவச்சிகள் கவுன்சில் நிற்பது அந்தச் சட்டத்தின் மேல்தான்.

சுதந்திரத்துக்கு முந்தைய வருடம், 1946-ல், சர் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையில் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த கமிட்டியின் அறிக்கை வந்தது. அப்போது பிரிட்டிஷ் இந்தியாவில் சுமார் 7,000 நர்ஸ்கள். 43,000 பேருக்கு ஒரு நர்ஸ். டாக்டரே 6,300 பேருக்கு ஒருவர் இருந்தார். நர்ஸ் நிலைமை அதைவிட ஏழு மடங்கு மோசம். நர்ஸ்கள் தங்குகிற இடமும் வேலை பார்க்கிற நிலையும் படுமோசம் என்றும் அந்த அறிக்கை பதிவு செய்தது. அதே 1946-ல் வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லியிலும் பி.எஸ்சி. நர்சிங் தொடங்கியது. யார் முதல் என்று இரண்டு தரப்பும் செல்லமாகச் சண்டை போட்டுக்கொள்வது உண்டு, விட்டுவிடுவோம். வேலூர் படிப்பு சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடந்தது. டெல்லிக் கல்லூரி இன்று முதல் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் பெயரில் இருக்கிறது, எம்.எஸ்சி. நர்சிங்கும் அங்கேதான் 1959-ல் முதலில் வந்தது. 1947-ல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் நிறைவேறி, நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம் என்ற நிலை மெல்ல மெல்ல உருவானது.

இவ்வளவு நடந்தும் டிப்ளமோ போய்விடவில்லை. நான் படித்தது அப்படி ஒரு பள்ளியில்தான். பெயர் வேண்டாம். எங்கள் காலத்தில் மூன்றரை வருடம். இரண்டாம் வருடத்திலேயே நைட் டூட்டி. ராத்திரி எட்டு மணிக்கு வார்டுக்குள் போனால், கட்டிலும் தரையுமாக நிறைந்து கிடக்கும் நோயாளிகளுக்கு நானும் ஓர் ஆயாம்மாவும்தான். ஸ்டாஃப் நர்ஸ் மூன்று வார்டுக்கு ஒருவர். கூப்பிட்டால் வருவார், வர முடிந்தால். காலையில் டூட்டி ஒப்படைத்துவிட்டு ஒன்பதரை மணி வகுப்பில் உட்கார்ந்தால் உடற்கூறியல் ஆசிரியை பேசுவது எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல இருக்கும். கைத்திறன் நன்றாக வந்தது, மறுக்க மாட்டேன். இருட்டில் நரம்பு பிடித்து ஊசி ஏற்றுவேன். ஆனால் ஏன் இந்த மருந்து, ஏன் இந்த அளவு, ஏன் இப்போது என்று கேட்டால் பதில் தெரியாது. கேட்டால் பெரிய சிஸ்டர் முறைப்பார்.

அந்த "ஏன்" தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று உங்கள் அண்ணனுக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள். இன்சுலின் நம் நாட்டில் பெரும்பாலும் இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது இன்னொன்று. இரண்டுக்கும் சிரிஞ்ச் வேறு: 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. காலை டூட்டி மாறுகிற நேரம், வார்டில் பரபரப்பு, சீட்டில் 20 யூனிட் என்று எழுதியிருக்கிறது. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 இல்லை, 50 யூனிட். சர்க்கரை தடாலென்று இறங்கி, வியர்த்துக் கொட்டி, பெரியவர் நினைவிழந்து கிடப்பார். ஊசி போடும் கை நேர்த்தியாகத்தான் இருந்திருக்கும், கணக்கில்தான் கோளாறு. டிரிப் ஓடும் வேகமும் அப்படித்தான். 500 மில்லி, நாலு மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு செட் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. இதை மனசுக்குள் போட்டுப் பார்க்கத் தெரிந்த நர்ஸ், டாக்டர் சீட்டில் தவறாக எழுதினாலும் "சார், இது சரியா?" என்று கேட்பார். நோயாளிக்குள் மருந்து போகும் முன்னால் கடைசியாக நிற்கும் ஆள் நர்ஸ். அதற்குத்தான் படிப்பு.

நைட்டிங்கேலின் நாடே ஆஸ்பத்திரிப் பயிற்சியைக் கைவிட்டுவிட்டது. 1980-களின் கடைசியிலிருந்து படிப்பை மெல்லக் கல்லூரிகளுக்கு மாற்றி, 2013 முதல் இங்கிலாந்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு டிகிரி மட்டுமே என்று ஆக்கிவிட்டார்கள். நம் நாட்டிலும் டிப்ளமோவை மூடப்போகிறோம் என்று இந்திய நர்சிங் கவுன்சில் ஒருமுறை அறிவித்தது. பிறகு அது நடைமுறைக்கு வரவில்லை. 2021-ல் பி.எஸ்சி. பாடத்திட்டம் செமஸ்டர் முறைக்கு மாறியது: எட்டு செமஸ்டர், கடைசி செமஸ்டர் முழுக்க வார்டு பயிற்சி. 2023-ல் பழைய கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய நர்சிங், மருத்துவச்சி ஆணையச் சட்டம் நிறைவேறியது.

அப்படியென்றால் டிகிரியில் சேர்த்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். பழைய பள்ளியில் வார்டு இருந்தது, வகுப்பு இல்லை. இன்று சில தனியார் கல்லூரிகளில் வகுப்பு இருக்கிறது, வார்டு இல்லை. சொந்த ஆஸ்பத்திரி பெயரளவுக்கு இருக்கும். மாணவிகளை பஸ்ஸில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அங்கே ஏற்கெனவே நாலு கல்லூரிப் பிள்ளைகள் நிற்பார்கள். ஒரு நோயாளியைச் சுற்றிப் பதினைந்து பேர் நோட்டோடு நின்று, ஒரு பிள்ளை மட்டும் பி.பி. பார்க்கும். பார்க்காத பிரசவம் ரெக்கார்டில் ஏறும். இப்படி நாலு வருடம் முடித்த பெண் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போடச் சொன்னால் கை நடுங்கும். அவளைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

ஆகவே உங்கள் முன்னால் இருக்கும் இரண்டில், அரசுப் பள்ளி டிப்ளமோ ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோடோ மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியோடோ சேர்ந்தது என்றால், என் ஓட்டு அதற்குத்தான். அங்கே நோயாளிகளுக்குப் பஞ்சம் இல்லை, செலவு மிகக் குறைவு, உதவித்தொகையும் உண்டு. தமிழ்நாடு அரசு நர்ஸ் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் டிப்ளமோவையும் டிகிரியையும் ஒரே பதவிக்குத்தான் எடுக்கிறது. எய்ம்ஸ் போன்ற மத்திய ஆஸ்பத்திரிகளின் தேர்வுக்கு பி.எஸ்சி. முடித்தவர் நேராக எழுதலாம். டிப்ளமோ என்றால் 50 படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரியில் இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். வெளிநாட்டில் பல இடங்களில் டிகிரிக்கு முன்னுரிமை என்பதும் உண்மை. அதற்கு வழி இருக்கிறது: டிப்ளமோவுக்குப் பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி., இரண்டு வருடம். நான் போன பாதை அதுதான். வார்டில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு மறுபடி வகுப்பில் உட்காரும்போது ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நோயாளி முகம் ஞாபகம் வரும். பாடம் அப்படியே உள்ளே இறங்கும்.

அரசு கல்லூரியிலோ, பெரிய ஆஸ்பத்திரி உள்ள நல்ல கல்லூரியிலோ பி.எஸ்சி. கிடைத்தால் யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள். மாநிலத் தேர்வுக் குழுவின் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லை. விண்ணப்பிக்காவிட்டால் அதை முதலில் கவனியுங்கள்.

தனியார் கல்லூரி என்று முடிவு செய்தால் பணம் கட்டும் முன் ஒரு நாள் லீவு போட்டு நேரில் போய்ப் பாருங்கள். ஆபீசில் காட்டும் கலர் புத்தகத்தை ஓரமாக வையுங்கள். கேட்டுக்கு வெளியே டீக்கடையிலோ பஸ் ஸ்டாப்பிலோ நிற்கும் மூன்றாம், நாலாம் வருடப் பிள்ளைகளிடம் உங்கள் மகளைப் பேச விடுங்கள். நீங்கள் தள்ளி நில்லுங்கள், அப்போதுதான் வாய் திறப்பார்கள். எத்தனை பிரசவம் நிஜமாகக் கையால் பார்த்தாய், வார்டுக்கு டியூட்டர் கூட வருவாரா, நைட் டூட்டியில் ஸ்டாஃப் நர்ஸ் பக்கத்தில் இருப்பாரா, சொந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகள் இருக்கிறார்களா. ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி என்ற கணக்கில் ஆஸ்பத்திரி இருக்க வேண்டும் என்பது கவுன்சில் விதி. வார்டுக்குள் எட்டிப் பார்த்துக் கட்டிலை எண்ணினாலே பாதி விவரம் புரிந்துவிடும். மாணவிகளை ஸ்டாஃப் இல்லாமல் தனியாக ஷிப்டில் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டாலும் வேண்டாம், வார்டுப் பக்கமே விடுவதில்லை என்று கேள்விப்பட்டாலும் வேண்டாம்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு, "முடித்ததும் எங்களிடம் இத்தனை வருடம் வேலை பார்க்க வேண்டும்" என்று பாண்டில் கையெழுத்து கேட்கும் இடத்துக்கும் போக வேண்டாம். இந்த பாண்டு முறை கூடாது என்று இந்திய நர்சிங் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பியே பல வருடம் ஆகிறது. 1860-ல் நைட்டிங்கேல் பள்ளி போட்ட அதே ஒப்பந்தம், பெயர் மாறி இன்னும் ஓடுகிறது. சம்பள விஷயத்திலும் கொஞ்சம் தெரிந்து வைத்திருங்கள். உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2016-ல் அமைந்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. பல ஊர்களில் அது இன்னும் பேப்பரில்தான் இருக்கிறது. கடன் வாங்கிப் படிக்க வைக்கும்போது இந்தக் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஊருக்கு ஊர் "ஒரு வருட நர்சிங், உடனடி வேலை" என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். அந்தச் சர்டிபிகேட்டை வைத்துக் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாதவர் சட்டப்படி நர்ஸ் இல்லை. ஏ.என்.எம். (துணை நர்ஸ், மருத்துவச்சி) என்கிற இரண்டு வருடப் படிப்பு வேறு, அது முறையானது. கிராமங்களுக்காக 1951-ல் பஞ்சாபில் தொடங்கியது, நம் ஊர் கிராம சுகாதாரச் செவிலியர்கள் அந்த வழியில் வந்தவர்கள். எந்த இடமானாலும் கவுன்சில் அங்கீகாரமும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும் இந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று அவர்கள் இணையதளப் பட்டியலிலேயே பார்த்துவிடுங்கள். டிப்ளமோவுக்குப் பல்கலைக்கழக இணைப்பு தேவையில்லை, கவுன்சில் அங்கீகாரம் போதும்.

கடைசியாக, எங்கே சேர்ந்தாலும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இப்போதே தொடங்கிவிடுங்கள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. சின்ன வயதில் போட்ட அட்டை இருந்தால் அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் கேளுங்கள். வார்டில் கால் வைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று பிள்ளைகள் தள்ளிப் போடுவார்கள். ஊசி குத்திக்கொள்வது முதல் வருடத்திலேயே நடக்கலாம்.